தலையாட்டியது

நான் வேலை செய்யும் பாக்கார் ஆராங் வட்டாரத் தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்தியதும், மகளுக்கு மாதாமாதம் கட்டும் ஜீவனாம்சத்தை எழுநூறு வெள்ளியிலிருந்து நானூறாகக் குறைத்தேன். விவாகரத்தான மனைவி தேவகியிடம் பள்ளி வாசலில் சொன்னபோது தலையாட்டினாள். அது போதாதா? எங்கள் ஆட்களில் இதற்கெல்லாம் யார் காகிதம் எழுதுகிறார்கள்? ஓராண்டு கழித்து, பாக்கியைக் கேட்டு சம்மன் வந்தது.

"சம்பளம் கொறஞ்சா இங்கதான் மனு போடணும்ணே," என்றார் கோர்ட்டு குமாஸ்தா. "கோர்ட்டு மாத்துற வரைக்கும் பழைய தொகைதான்."

தேவகி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ தலையாட்டினத சொல்லு லா," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "முடியாதுன்னு சொன்னா அந்த நானூறும் நின்னுடும்னு பயந்தேன். கூட இருந்தப்பவும் எல்லாத்துக்கும் பயந்துதான் தலையாட்டினேன்."

தலையாட்டினேன்.