நாலு புதுசும் ஆறு பழசும்

தையல்காரி பின்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் தெறித்திருந்த ரத்தம்தான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதிதாக வாங்கிய நாலு இளங்கோழிகளில் ஒன்று, தீவன மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே தலையைச் செருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. முதுகில் ஓரிடத்தில் இறகே இல்லை. வெறும் பச்சைச் சதை.

"என்னங்க! சீக்கிரம் ஓடி வாங்க!"

எலக்ட்ரீஷியனான கணவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான்.

கோழி விற்றவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பதினைந்து நாளாவது நடுவில் கம்பி வலை கட்டுங்கள், பழைய ஆறும் புதுசுகளைப் பார்த்துப் பழகட்டும் என்று. ஐந்தாம் நாளே, "போதும் போதும், இதுங்க என்ன சம்பந்தமா பேசப்போகுது?" என்று வலையைச் சுருட்டி வைத்தவன் அவன்தான். இப்போது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இது போலீஸ் வேலைதான்," என்றான் மெதுவாக.

போலீஸ் என்பது அவர்களுடைய கறுப்புக்கோழி. தட்டுக்கு முதலில் அதுதான் வரும், மற்றவை வழிவிடும். வலையை எடுத்ததிலிருந்து அது புதுசுகளை விட்டு நகரவே இல்லை. அதன் முறைப்பைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அன்று காலையே அதைக் கூடையில் போட்டு, அடுத்த தெருவிலிருந்த ஓர்ப்படியிடம் கொண்டுபோய் விட்டாள்.

"நீயே வச்சுக்கோ. எங்களுக்கு இது சரிப்படாது."

மூன்றாம் நாள் காலையில் இரண்டு கோழிகளுக்குக் காயம். ஒன்றுக்கு வால் இருந்த இடமே தெரியவில்லை. போலீஸ்தான் இல்லையே, பின்னே யார்? தையல் மெஷினைப் பின்ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, தைத்துக்கொண்டே பார்த்தாள்.

பஞ்சு வந்தது. வெள்ளைவெளேர் என்று இருக்கும். மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளும் சாது. அது பாட்டுக்கு உலாத்துவதுபோல் ஓர் இளங்கோழியின் பின்னால் போனது, ஓர் இறகை வெடுக்கென்று பிடுங்கியது, விழுங்கியது. பிறகு அதே இடத்தில் இன்னொன்று. ரத்தம் துளிர்த்ததும் மற்ற கோழிகளும் ஓடி வந்து கொத்தத் தொடங்கின.

மெஷின் தானாக நின்றுபோனது. அவளுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. போலீஸ் ஒரு தடவைகூடப் புதுசுகளைக் கொத்தி அவள் பார்த்ததில்லை. பஞ்சு கிட்டே வரும்போதெல்லாம் அது நடுவில் போய் நின்றிருந்தது.

கொத்திய கோழிகளை விரட்டிவிட்டு, பஞ்சைக் கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

"எங்க அது? கறுப்புக்கோழி எங்க?"

ஓர்ப்படி விழித்தாள். "என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? நேத்து மத்தியானம் குழம்பு வச்சுத் தூக்குல குடுத்தனுப்பினேனே. சாப்பிடலையா?"

கடையில் வாங்கிய கறி என்றுதான் நினைத்திருந்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொத்துற கோழின்னு நெனச்சேன். நீங்களும் வேணாம்னுதானே குடுத்தீங்க?" ஓர்ப்படிக்கு அழுகையே வந்துவிட்டது. அவள்மேல் என்ன தப்பு?

வீட்டுக்கு வந்து சொன்னபோது, கணவன் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே போட்டான். "நல்லா இருக்குன்னு ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே!"

அன்றே அவன் கம்பி வலையை மறுபடி கட்டினான், இந்தத் தடவை பஞ்சைத் தனியாக வைக்க. காயங்களுக்குக் கால்நடை டாக்டர் ஒரு ஊதா மருந்து கொடுத்தார். சிவப்பு தெரிந்தால்தான் கொத்தும், மறைத்துவிடுங்கள் என்றார். தீவனத்தை மூன்று தட்டுகளாகப் பிரித்தார்கள். சின்னதுகள் மட்டும் நுழைகிற மாதிரி வாய் வைத்து ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பஞ்சைத் திறந்துவிட்டபோது, அதன் இடத்தை மற்ற கோழிகள் பிடித்திருந்தன. அது ஓரமாக நின்று, எல்லாம் தின்ற பிறகு தின்றது. யாரையும் தொடவில்லை.

வால் போன கோழிக்கு மெல்ல வால் முளைத்தது. இரண்டு மாதம் கழித்து அதுதான் முதலில் முட்டையிட்டது. எலுமிச்சையளவுகூட இல்லாத முட்டை. கணவன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"போட்டுத் தரட்டுமா?" என்றாள்.

"வேணாம், எடுத்து வை," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.