மிஸ்டு கால் பூஜ்யம்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பைச் செய்தவன் நான்தான். நன்னிலத்தில் அறுவடை வண்டி வாடகைக்கு விடும் ஒரு சின்ன ஆபீசுக்கு இன்டர்நெட்டில் ஓடும் மேஜை போன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். உனக்கும் போனுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற அப்பாவி ஒருவர் தஞ்சாவூர் வரை பஸ் ஏறி வந்து கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு புத்தகம் போட்ட பிறகு அந்த வார்த்தை நாக்கில் உட்காருவதில்லை.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"தை மாதப் பொன்வெயிலில் முற்றிய கதிர்கள் நாணத்தோடு தலைசாய்த்து நிற்க, தூரத்தில் எங்கோ ஒரு தொலைபேசி மணி..."

அடித்துவிட்டேன். நெல் என்று எழுதினாலே என் பேனாவுக்குப் பொன் பிடித்துக்கொள்கிறது. கதிருக்கு என்ன நாணம்? கனம், அவ்வளவுதான்.

2

கேட்டவர் அஹமது கபீர். கடைத்தெருவில் கபீர் பாய். ஷார்ஜாவில் பதினாறு வருஷம் ஓர் ஆபீசில் வேலை பார்த்து, ஊர் திரும்பி, இரண்டு வண்டி வாங்கினார். ஒன்று டயர் வண்டி. மற்றது ஈர வயலிலும் இறங்கி அறுக்கும் பெல்ட் வண்டி. ஆபீஸ் என்பது மாடியில் ஓர் அறை, மூன்று நாற்காலி, அவருடைய மச்சினர் மகள் அனீஸா. பதிவெல்லாம் அனீஸாவின் பழைய செல்போனில்தான்.

(கபீர் பாயை டாம்பீகக்காரராக எழுதிவிடலாம் என்று பார்த்தேன். பழி சுமக்க ஓர் ஆள் வேண்டுமே. ஆனால் ஏன் பாய் மேஜை போன் என்று நான் கேட்டபோது அவர் சொன்னது இது.)

"பதினாறு வருஷம் இன்னொருத்தர் மேஜையில இருந்த போனைத் தொடச்சுத் தொடச்சு வச்சேன் சார். ஒரு நாள் எடுத்துப் பேசினதில்ல. எம் மேஜையில ஒண்ணு இருக்கட்டுமே."

இதற்கு மேல் அவரை எப்படித் திட்டுவது? பழி சுற்றிச் சுற்றி என்னிடமே வந்துவிட்டது. கதையில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத இடம் இது.

3

இருபது நாள் ஆராய்ந்தோம். கலர் திரை வேண்டுமா, கறுப்பு வெள்ளை போதுமா? கரண்டு தனி வயரில் வரட்டுமா, நெட் வயரிலேயே வரட்டுமா? ஆறு லைனா, பன்னிரண்டா? இரண்டு பேர் உட்காரும் அறைக்குப் பன்னிரண்டு லைன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். அன்றைக்கு நான் "குரல் துல்லியம்" பற்றிச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தேன்.

தினமும் போனைத் தொடப்போகிற அனீஸாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, இந்தப் போனை எடுக்காம விட முடியுமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏம்மா, எடுக்காம இருக்கறதுக்கா போன் வாங்குவாங்க?"

கபீர் பாயும் சிரித்தார். அவள் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

(வாசகரே, இங்கே நீங்களும் லேசாகச் சிரித்திருந்தால் தயவுசெய்து அதை நினைவில் வையுங்கள். நான் தனியாக மாட்டிக்கொள்ள விரும்பவில்லை.)

4

கட்டுரை மாதிரி ஒரு பத்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தில் வண்டி வேண்டுமென்றால் யாரும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. அனீஸா நம்பருக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். அவள் திருப்பிக் கூப்பிட்டு, எந்த வயல், தண்ணி வடிந்ததா, பெல்ட்டா டயரா என்று கேட்டு வரிசையில் போடுவாள். இப்போதெல்லாம் பேசுவதற்குத் தனிக் காசு கிடையாது. ஆனாலும் வழக்கம் மாறவில்லை. ஏனென்றால் கூப்பிட்டுப் பேசினால் அது கெஞ்சல். மிஸ்டு கால் கொடுத்தால் அது தகவல். வண்டிக்காரன்தான் கூப்பிட வேண்டும். அடுத்தவர் வயலில் காலமெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஓடிய குடும்பங்களுக்கு, தங்கள் வயலுக்காக இன்னொருவர் கூப்பிடுவது சின்ன விஷயம் இல்லை.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

5

நான் போனோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முதல் மணியிலேயே தானாக எடுத்துப் பேசும் வசதி அதில் இருந்தது. பேச வேண்டியதை யார் எழுதுவது? எழுத்தாளன் சும்மா உட்கார்ந்திருக்கிறானே!

"வணக்கம். உழவர் பெருமக்களின் உற்ற துணையாய் விளங்கும் கபீர் வேளாண் சேவையகம் தங்களை அன்புடன் வரவேற்கிறது. அறுவடை இயந்திர முன்பதிவிற்கு எண் ஒன்றினை..."

மொத்தம் நாற்பத்திரண்டு விநாடி. குரலும் நானே. "விளங்கும்" என்ற இடத்தில் ஒரு சின்ன ஏற்றம் கொடுத்திருந்தேன். பழைய செல் நம்பருக்கு வருவதையெல்லாம் புதுப் போனுக்குத் திருப்பிவிட்டோம். ஒரு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, கபீர் பாய் திரையைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா சார், எடுத்த கால் அறுபத்து மூணு. மிஸ்டு கால் பூஜ்யம்!"

கைகுலுக்கிக்கொண்டோம். வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. புரோக்கர்களும் பெரிய பண்ணைக்காரர்களும் ஒன்றை அழுத்திப் பதிந்துகொண்டார்கள். என் உரைநடையைக் கடைசி வரை கேட்கப் பொறுமை உள்ளவர்கள் அவர்கள்தான்.

6

ரெங்கம்மாளை நான் கற்பனை செய்யவில்லை என்று எழுதிவிட்டு, உடனே அடிக்கிறேன். கதையில் அப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ரெங்கம்மாள், ஐம்பது வயது. மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர். குத்தகை இல்லை, சொந்தம். அவர் குடும்பத்தில் சொந்தமென்று பட்டா வாங்கிய முதல் நிலம்.

நாங்கள் கைகுலுக்கிய அதே வாரம், திங்கட்கிழமை காலை ரிங் விட்டார். மறுமுனையில் ஒருவர் "வணக்கம்" என்றார். ரெங்கம்மாள் பதறி வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை இன்னொரு ரிங். மறுபடியும் வணக்கம். புதன்கிழமை அவர் வயலைத் தாண்டிப் பெல்ட் வண்டி பண்ணை வயலுக்குப் போனது. அடுத்தது நமக்குத்தான் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தார். வியாழன் விடியற்காலை மழை பிடித்தது. இரண்டு நாள்.

சனிக்கிழமை நான் ஆபீசில் இருந்தேன். திரையில் புதுப் படம் வைப்பது எப்படி என்று கபீர் பாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரெங்கம்மாள் படியேறி வந்து, ஒரு பிடி கதிரை மேஜையில் வைத்தார். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளை முளை.

"ஏன் பொண்ணு என்னைக் கூப்புடல?"

அனீஸா எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா, நீங்க மிஸ்டு காலே கொடுக்கலையே."

"கொடுத்தேனே. எடுத்தீங்களே. ரெண்டு தடவையும் எடுத்தீங்களே. எடுத்துட்டா தெரிஞ்சுக்கிட்டீங்கன்னுதானே இருந்தேன்."

நான் இலக்கியவாதி அல்லவா, இடையில் புகுந்தேன். "அம்மா, அது தானியங்கிக் குரல், நீங்க முழுசா..."

ரெங்கம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த வணக்கம் நீங்கதானா சார்? யாரோ பேங்குல இருந்துன்னு பயந்துட்டேன்."

கபீர் பாய் முளைவிட்ட கதிரைப் பார்த்தார். அனீஸா மட்டும் என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழகாக எழுத வரவில்லை. வெட்கம், அவ்வளவுதான்.

7

போனின் தானாகப் பேசும் வசதியை அன்றே நிறுத்தினார்கள். அது முடிவு ஆகாது. ஆகவே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) புதன் மாலையே அனீஸா சந்தேகப்பட்டு அந்த அறுபத்து மூன்று கால்களின் எண்களுக்கும் வரிசையாகக் கூப்பிடுகிறாள். பெல்ட் வண்டி இறங்குகிறது. கடைசிக் கதிர் அறுபட்ட பிறகே முதல் தூறல்.

(ஆ) கபீர் பாய் போனைப் பிடுங்கி மாடியிலிருந்து எறிகிறார். எல்லாரும் மனம் மாறுகிறார்கள். (கபீர் பாய் எதையும் எறிகிறவர் இல்லை. துடைத்து வைக்கிறவர். கைவிட்டேன்.)

(இ) ரெங்கம்மாள் அடுத்த போகத்தில் இரு மடங்கு விளைச்சல் எடுத்து நிமிர்ந்து... (இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

(அ)வைத் திருத்தித் திருத்தி நான்கு பக்கம் ஆக்கினேன். நன்றாக வந்திருந்தது. பாவத்தைக் கழுவ இதைவிட மலிவான வழி கிடையாது என்று நினைத்தோ என்னவோ, ரெங்கம்மாள் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டினேன். முளைத்த நெல்லைக் கோழிக்குப் போட்டுக்கொண்டே கேட்டார். என் எழுத்தைப் பாதியில் வைத்துவிடாமல் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வண்டி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"மழைக்கு முன்னாடியே."

"ஆமாம்."

"எத்தனை மூட்டை கண்டுச்சு?"

நான் அதை யோசிக்கவே இல்லை. தாராளமாகவே சொல்வோமென்று, "முப்பத்தஞ்சு" என்றேன்.

"நல்லாத்தான் வெளஞ்சிருக்கு" என்றார். கேலி இல்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, மூலையில் மடித்து அடுக்கியிருந்த சாக்குகளை எண்ணுவதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க அடுக்கி வச்சிருக்கீங்க சார்? எடம் சொல்லுங்க, சாக்கு கொண்டாறேன்."

தெரியாது என்று அவரிடம் சொன்னேன்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். (அ) பிடித்தால் (அ)வையே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த முப்பத்தைந்து மூட்டையும் எங்கே இருக்கிறது என்று அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் ரிங் விட்டு ஆயிற்று.