அளவெடுத்த கை

மனைவியின் வலது கை மரத்துப்போனதிலிருந்து, பல் செட் செய்கிறவருக்கு விடுமுறை என்றாலே ஏதாவது ஒரு புனிதரின் திருத்தலம்தான். அவள் தையல்காரி. ஊசி பிடிக்காத கையோடு வீட்டில் உட்கார அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

இந்தத் திருத்தலத்தில் ஒரு வழக்கம். எந்த உறுப்பில் நோயோ, அதை மெழுகில் வாங்கிப் புனிதரின் சுரூபத்துக்குப் பக்கத்தில் கொக்கியில் மாட்ட வேண்டும். வாசல் கடையில் மெழுகுக் கைகள் குவிந்து கிடந்தன. அவர் ஒன்றை எடுத்துத் திருப்பினார். அச்சின் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாமல் ஓரமெல்லாம் பிசிறு.

“இது யார் கைன்னு புனிதருக்கு எப்படித் தெரியும்?”

“அவருக்கே அளவெடுக்கக் கிளம்பிட்டீங்களா?” என்று சிரித்தாள்.

கிளம்பித்தான் விட்டார். தொழில் சாமான் எப்போதும் பையில் இருக்கும். விடுதி அறையில் பல் அச்செடுக்கும் பொடியை வாளியில் கரைத்து, அவள் கையை அமிழ்த்தினார். அது ரப்பர் போல இறுகியதும் கையை மெல்ல உருவி, அந்தப் பள்ளத்தில் மெழுகை ஊற்றினார். மெழுகு கொதித்தால் குமிழி விழும். ஆறினால் விரல் நுனிவரை இறங்காது. பதம் பார்த்து ஊற்றியதால் ரேகை, நகத்தோரக் கீறல், பழைய ஊசித் தழும்பு எல்லாம் அப்படியே விழுந்தன.

அதைக் கொக்கியில் மாட்டிய மறுநாள் காலை அவள் தானே தலை பின்னிக்கொண்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நன்றி சொல்லக் கோயிலுக்குப் போகும் வழியில் அவள் சட்டென்று நின்றாள்.

“என்னங்க, கை சுடுது.”

கோயிலில் கொக்கிகள் காலி. பின்முற்றத்தில் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை அண்டாவில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தார். கொக்கி நிறைந்ததும் எல்லாவற்றையும் உருக்கி மெழுகுவர்த்தி வார்ப்பார்களாம். அடுப்போரக் கூடையில் அந்தக் கை கிடந்தது. பல் செட்காரர் பாய்ந்து எடுத்தார்.

கோயில்பிள்ளை கிண்டுவதை நிறுத்தினார். “அளவெடுத்துச் செஞ்சீங்களா? அடப்பாவமே! கடையில ஏன் ஒரே அச்சுல ஊத்துறாங்கன்னு நெனைச்சீங்க? அது யார் கையும் இல்ல. உருக்கினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“இப்ப என்ன செய்றது?”

“கொண்டு போங்க. சூடு படாம பாத்துக்குங்க.”

மெழுகு விரல்களின் நுனி இளகி வழவழத்திருந்தது. அவர் மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நுனிகளில் ரேகையே இல்லை.

பஸ்ஸில் ஈரத்துணி சுற்றிய மெழுகுக் கையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஒரு வளைவில் திரும்பியது.

“வெயில் இந்தப் பக்கம் வருதுங்க. மாறி உக்காரலாம்.”

அவர் எழுந்து பார்த்தார். எதிர்ப்பக்கம் ஒரு இடமும் காலியில்லை.