செவலை குடித்த சிங்க்

காளீஸ்வரிக்கு அந்த வீட்டில் ஒரே எதிரி சமையலறை சிங்க்தான். குக்கரை வைத்தால் அதன் மூடிக்கு இடமிருக்காது. குழம்பு அண்டா, இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் கொல்லையில் குத்தவைத்துத் தேய்த்துத் தேய்த்து, பாத்திரம் பளபளத்தது, அவள் முழங்கால்தான் தேய்ந்துபோனது. புருஷன் பாண்டியராஜனுக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் மொத்த வியாபாரம். கடையில் சிங்கம். வீட்டுக்கு ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் "சுதாக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்பார்.

சுதாராணி அவருடைய அக்கா. கட்டிக்கொடுத்தது கழுகுமலையில், ஆட்சி நடப்பது இங்கே.

நச்சரிப்பு தாங்காமல் பாண்டியராஜன் ஒரு வழியாகப் புது சிங்க்குக்குச் சம்மதித்தார். வெள்ளை வெளேரென்ற பீங்கான். அதன் முகப்பு கேபினட்டுக்கு வெளியே முழுசாகத் தெரியும். அண்டாவே உள்ளே இறங்கிக் குளிக்கலாம். கடைக்காரர்கள் அதற்குப் பார்ம்ஹவுஸ் சிங்க் என்று பெயர் சொன்னார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து பார்ப்பாள். அவளுக்குப் பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிவிட வேண்டியது.

பெயர்தான் காலை வாரியது. பாண்டியராஜனுக்குக் குளத்தூர்ப் பக்கம் கொஞ்சம் கரிசல் காடும், கிணறும், பம்புசெட்டை ஒட்டி ஓர் ஓட்டு அறையும் உண்டு. பல்லி வாலை நீட்டிப் படுத்தால் வால் வெளியே கிடக்கும், அத்தனை பெரிய அறை. அதைத்தான் அவர் கடைத்தெரு முழுக்க "நம்ம பார்ம்ஹவுஸ்" என்று சொல்லி வைத்திருந்தார். லோடு ஆட்டோக்காரர் பில்லைப் பார்த்தார். பார்ம்ஹவுஸ் என்று போட்டிருந்தது, கீழே பாண்டியராஜன் அண்ணாச்சி பெயரும் இருந்தது. வேறு யாரிடம் கேட்க வேண்டும்? நேரே குளத்தூருக்கு விட்டார் வண்டியை.

அங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சுந்தரபாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடித்துளையில் சாக்குத் துணியைத் திணித்து, தண்ணீர் நிரப்பி, புண்ணாக்கைக் கரைத்து, செவலைப் பசுவின் முன்னால் வைத்துவிட்டான். மறுநாள் சாயங்காலம் போன் போட்டு, தொட்டி ரொம்ப அருமை என்று அண்ணாச்சிக்கு நன்றி வேறு சொன்னான்.

அந்தச் செவலை சாதாரணப் பசு இல்லை. கழுகுமலை வீட்டில் இடமில்லாமல் சுதாராணி தம்பி தோட்டத்தில் விட்டு வைத்திருக்கும் செல்லம். வெள்ளிக்கிழமைதோறும் அதன் பெயரைச் சொல்லி விளக்கேற்றுவாள். "எஞ் செவலைக்கு இருக்க சுத்தம் மனுசருக்கு வராது" என்று அவள் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

சனிக்கிழமை காலையில் சிங்க் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காளீஸ்வரி புளி போட்டுத் தேய்த்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள், மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள். மாடு குடித்ததைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தச்சர் சுடலைக்குமார் கேபினட்டின் முன்பலகையை அறுக்க அளவு போட்டுவிட்டு, ரம்பத்தோடு தயங்கினார்.

"அறுத்தா அறுத்ததுதான்க்கா. பொறவு பழசு இதுல நிக்காது."

"அப்பம் சீக்கிரம் அறுங்க" என்றாள் காளீஸ்வரி.

கனத்தைத் தாங்க உள்ளே மரச்சட்டம் அடித்து, கதவுகளைக் குட்டையாக்கி, நாலு பேர் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். விளிம்பு கிரானைட்டோடு ஒட்டி நின்றது. காளீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சுதாராணி வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குள் நுழைந்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"மாட்டுக் கழனித்தொட்டி கணக்கால்லா இருக்கு."

பாண்டியராஜனுக்குக் காப்பி புரையேறியது.

அவள் அதோடு விடவில்லை. குழாயைத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினாள். நிரம்பி வழியாமலிருக்க விளிம்புக்குக் கீழே வைத்திருந்த துளை வழியாகத் தண்ணீர் வடியவில்லை. விரலை விட்டு நோண்டினாள். ஊறிப்போன துணுக்கு ஒன்று வந்தது.

"ஏட்டி காளி, இது மாட்டுக்குப் போடுத சோளத்தட்டைல்லா?"

பாண்டியராஜன் சுவரில் தொங்கிய காலண்டரில் நல்ல நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மறுபடியும் கொல்லையா, மறுபடியும் குத்தவைப்பா என்று காளீஸ்வரியின் முழங்கால் இரண்டும் கேட்டன. சரி, நனைந்தபின் முக்காடு எதற்கு என்று துணிந்துவிட்டாள்.

"ஆமா மதினி. வண்டிக்காரரு மாத்தித் தோட்டத்துல இறக்கிட்டாரு. ஒங்க செவலைதான் இதுல மொதல்ல தண்ணி குடிச்சுது. நாங்க எடுத்துட்டு வந்ததுலருந்து பழைய தொட்டியில வாய் வைக்க மாட்டேங்குதாம், சுந்தரபாண்டி சொல்லுதான். மனுசருக்கு வராத சுத்தம் உள்ளதுன்னு நீங்கதான சொல்லுவிய? இப்பம் நீங்களே சொல்லுங்க, கழத்தீருவமா?"

சுதாராணி எச்சில் என்று சொன்னால், பசுவாக நிற்கும் லட்சுமியைப் பழித்ததாகும். நன்றாக இல்லை என்று சொன்னால் செவலைக்கு விவரம் போதாது என்றாகிவிடும். கையிலிருந்த தட்டைத் துணுக்கைக் குப்பையில் போட்டாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏலே, வாயில்லா சீவன் ஆசைப்பட்டதப் பிடுங்கிட்டு வந்திருக்க. நாளைக்கே அதுக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போடு."

பாண்டியராஜன் காலண்டரைப் பார்த்தபடியே தலையாட்டினார். அன்றைக்கு மத்தியானம் குழம்பு அண்டாவைக் காளீஸ்வரி நின்றுகொண்டே தேய்த்தாள்.