மனைக்கல் தெரிவதற்காக

பகல் பன்னிரண்டு மணி வெயிலில், திண்டிவனத்திலிருந்து வந்த தீயணைப்பு வண்டி மனைப்பிரிவின் அலங்கார வளைவுக்கு முன்னால் நின்றுபோனது. வளைவு தாழ்வாக இருந்தது, வண்டி நுழையவில்லை. உள்ளே கருவேலம் புதர் எரிந்தது. காற்று பக்கத்திலிருந்த காலனியின் கூரைகளைப் பார்த்து அடித்தது.

தீயணைப்பு வீரர் சகாயராஜ் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பாதி தூரத்துக்கு மேல் அது எட்டவில்லை. அவரும் கூட வந்தவர்களும் பச்சை வேப்பங்கிளைகளை ஒடித்துத் தீயை அடித்தார்கள்.

காலனியின் முதல் வீடு அம்சாவுடையது. அவள் கூரைமேல் குடத்துத் தண்ணீரை வீசிக்கொண்டே கத்தினாள்.

"வேணும்னே கொளுத்தினானுங்க சார்! ஞாயித்துக்கெழம மனை பாக்க வர்றாங்களாம், கல்லு தெரியணுமாம்! பொதர ஆளு வச்சி வெட்டினா லேட்டாவுமாம்! எங்க ஊடு எரிஞ்சா ஜல்தியா ஆயிடுமா?"

சகாயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். தீ அவள் வேலியையும் ஆட்டுப்பட்டியையும் தின்றுவிட்டு, சுவரோரம் வந்து அடங்கியது. கூரை தப்பியது. அவர் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

மனை விற்பவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். சகாயராஜ் அவரை மறித்தார்.

"யோவ், நீதான கொளுத்துன?"

"வருசா வருசம் பண்றதுதான் சார். இந்த வாட்டி காத்து பேஜார் பண்ணிடுச்சு."

சகாயராஜ் கையிலிருந்த கருகிய கிளையை அவர் காலடியில் வீசினார். மனை விற்பவர் ஒதுங்கி நின்று, எரியாமல் நின்ற புதரைக் கைகாட்டினார்.

"அந்த மூல மட்டும் நின்னுபோச்சு சார். நீங்க வண்டியோட இருக்கசொல்லவே கொளுத்திடட்டுமா?"