லிஸ்பன் சுவரில் என் மூஞ்சி

மாமல்லபுரம் மீனவர் குப்பத்தில் 'லிஸ்பன் தேவா' என்று யாரைக் கேட்டாலும் என் கடைக்கு வழி காட்டுவார்கள். முழுப் பெயர் தேவேந்திரன். கடலைப் பார்த்தபடி ஆறு மேசை போட்ட மீன் சாப்பாட்டுக் கடை. லிஸ்பன் என்ற பட்டத்தை எனக்கு நானேதான் வைத்துக்கொண்டேன். ஆனால் ஊரே கூடி வைத்த மாதிரிப் பேசிப் பழகிவிட்டது.

இனெஸ் என்ற போர்த்துகீசிய ஓவியர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் ஊருக்கு வந்து, என் கடையிலேயே மூன்று வேளையும் சாப்பிடுவாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் லிஸ்பன் நகரத்தில் சுவர் ஓவியத் திருவிழா நடந்தது. கூடும் ஓவியர்களுக்குப் பத்து நாள் மீன் சமைத்துப் போட என்னைக் கூப்பிட்டாள். போனேன், சமைத்தேன், வந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

வந்து நான் சொன்னது வேறு. லிஸ்பனில் நான் கால் வைக்காத சந்து கிடையாது என்றேன். டிராம் ஓட்டுகிறவர்கள் என்னைப் பார்த்தால் நிறுத்திக் கையாட்டுவார்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் மேலே, நான்கு மாடிச் சுவர் ஒன்றில் என் முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள் என்றேன். போட்டோ எங்கே என்று கேட்டால், போன் கடலில் விழுந்துவிட்டது. நான்தான் கடலில் போட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் என் மகள் சங்கவி. சிறுசேரியில் ஐ.டி. கம்பெனியில் வேலை. போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், கையில் ஒரு கவரைத் திணித்தாள்.

"நைனா, உனக்கும் அம்மாவுக்கும் இருவத்தஞ்சாவது கல்யாண நாள் கிஃப்ட். லிஸ்பன் டிக்கெட்டு. ஜூன் மாசம், ஒம்போது நாளு."

கவரை அவளிடமே திருப்பி நீட்டினேன். "எதுக்கும்மா இதெல்லாம்? நான்தான் பாத்துட்டனே. அம்மாவ ஊட்டிக்கு இட்டுகினு போறேன்."

"ஊட்டில உன் மூஞ்சி இன்னா சுவத்துல கீதா?" என்று கேட்டது என் மனைவி சுஜாதா. கடப்பாக்கத்துக்காரி. அவளிடம் மீன் வியாபாரிகளே அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். "அப்ப மீன்புடி தடைக்காலம்தான? கடைய மூடிட்டுப் போலாம். பன்னெண்டு வருசமா கேட்டுகினு கீறேன். ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்."

உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நான் போனது மார்ச் மாதம். அந்தக் குளிரில் மூன்றாம் நாளே காய்ச்சல். மிச்ச நாளெல்லாம் தரைக்குக் கீழே இருந்த ஒரு சமையலறையில் வெங்காயம் நறுக்கினேன். அதன் ஜன்னலில் தெரிந்தது நடந்து போகிறவர்களின் செருப்பும் ஷூவும் மட்டும்தான். சோறு கிடைக்காமல் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். சுவர் விஷயமும் பாதிதான் நிஜம். இனெஸ் என்னை இரண்டு மத்தியானம் கையில் ஒரு பெரிய மீனோடு நிற்க வைத்தாள். வரைந்து முடித்த பிறகு பார்த்தால் சுவரில் ஒரு வயதான மீன்காரம்மா. கை மட்டும் என்னுடையது. ஆக, மணிக்கட்டுக்குக் கீழேதான் நான். அதற்கு மேலே இனெஸின் பெரியம்மா.

விமானம் இறங்கியதும் நான் தயாரானேன். பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி, டாக்ஸிக்காரர், தங்கும் இடத்துப் பெண், எல்லாரிடமும் நெஞ்சை நிமிர்த்தி "ஒப்ரிகாதோ" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை. எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். மறுநாள் காலையில் சுஜாதா போனை நோண்டிவிட்டுச் சொன்னாள்:

"யோவ், அதுக்கு வணக்கம்னு அர்த்தம் இல்லையாம். நன்றியாம். அவன் ஒன்னியும் குடுக்கறதுக்கு முன்னியே இன்னாத்துக்கு நீ நன்றி சொல்லிகினு கீற?"

பன்னிரண்டு வருடமாக என் கடை வாசலில் நின்று வெள்ளைக்காரர்களை அப்படித்தான் வரவேற்றுக்கொண்டிருந்தேன். அவர்கள் ஏன் உள்ளே வராமலே போனார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்று அவளை டிராமில் ஏற்றினேன். மஞ்சள் நிறத்தில், தீப்பெட்டி மாதிரி குட்டி வண்டி. பின் கதவு வழியாக ஏறப்போன என்னைப் பார்த்து டிரைவர் கத்தினார். "உன்ன அடையாளம் கண்டுபுடிச்சிட்டான் போல" என்றாள் சுஜாதா. முன்பக்கம் போய் ஏறினோம். அரை மணி நேரம் கழித்து ஒரு கல்லறைத் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டார்கள். அதுதான் கடைசி நிறுத்தமாம். நான் நினைத்து ஏறியது கடற்கரைக்கு.

மத்தியானம் ஒரு கடையில், பழகினவன் மாதிரி மெனுவைப் பார்க்காமலே பக்கத்து மேசையைக் கைகாட்டி அதையே கொண்டுவரச் சொன்னேன். வந்தது ஒரு தட்டு நிறைய நத்தை. சின்னச் சின்ன நத்தை, கொம்போடு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சுஜாதா ஒரு குச்சியை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தி இழுத்து, மொத்தத் தட்டையும் முடித்தாள்.

"எங்க வூட்டாண்ட வயல்ல இதவிட பெருசா கெடைக்கும்" என்று விரலைச் சூப்பினாள். "பூண்டு போட்டுகீறான். காரம்தான் பத்தல. நீ இன்னா, ரொட்டியே துண்ணுகினு கீற?"

மறுநாள் தண்ணீர்க்கரைக்குப் போனோம். பெரிய பெரிய கப்பல், அந்தப் பக்கம் மங்கலாகக் கரை. "இதான் லிஸ்பன் கடல்" என்றேன். சுஜாதா படியில் இறங்கி, கையில் தண்ணீரை அள்ளி, நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"கடலா? முட்டுக்காட்டுத் தண்ணி மாதிரி பாதி உப்புதான் கீது. இது ஆறுய்யா."

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டோம். ஆறுதான். கடலில் பிறந்து வளர்ந்தவன், ஓர் ஆற்றைக் கடல் என்று பன்னிரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அதற்கடுத்த நாளிலிருந்து சுவர் தேடும் படலம். எனக்கு இடம் தெரியும். பழைய குடியிருப்புப் பக்கம், ஒரு சர்ச்சுக்குப் பின்னால். அதனால் சரியாக அதற்கு எதிர்ப்பக்கமாக அவளை நடத்திக்கொண்டு போனேன். அந்த ஊரில் சமதரை என்று ஒன்று கிடையாது. ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. சுவரெல்லாம் நீல ஓடு பதித்திருக்கிறார்கள். மூலைக்கு மூலை யாராவது கிடாரோ வயலினோ வாசிக்கிறார்கள். கரண்டுப் பெட்டி, குப்பைத் தொட்டி எதையும் விடாமல் படம் வரைந்திருக்கிறார்கள். சுஜாதா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இது நீயா?" என்று கேட்டாள். கிளி, ஆக்டோபஸ், குரங்கு, எதையும் விடவில்லை. தேடத் தொடங்கிய இரண்டாவது நாளே என் முழங்கால் வீங்கிவிட்டது. அவள் ரப்பர் செருப்போடு எனக்கு இருபதடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"இடிச்சிட்டானுங்க போல, சுஜா" என்றேன் மூச்சு வாங்கி. "இங்கதான் இருந்துச்சு. இப்ப ஓட்டல் கட்டிட்டானுங்க."

அவள் போனை எடுத்தாள். "சங்கவி, அந்த இனெஸ்சு வரைஞ்ச படத்துக்கெல்லாம் அட்ரஸ் இன்டர்நெட்டுல கீதான்னு பாரு." ஐந்தே நிமிடத்தில் மேப் வந்துவிட்டது. அவள் வழி காட்ட, நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, "வெயிலு ஜாஸ்தியா கீது இல்ல?" என்று முடித்தேன்.

சுவர் அப்படியே இருந்தது. கொஞ்சம் வெளுத்திருந்தது. நான்கு மாடி உயரத்தில் அந்தப் பெரியம்மா, தலையில் துணி கட்டி, கையில் மீனோடு நின்றாள். சுஜாதா அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"சின்ன வயசுல எடுத்ததா?" என்றாள்.

"சுஜா..."

"முக்காட்டுல நல்லாத்தான் கீற."

"சுஜா, அது வந்து, கை மட்டும்தான் நானு. மூஞ்சி அவ பெரியம்மா. நான் பொய் சொல்லிட்டேன். இந்த ஊரயே நான் பாக்கல. வெங்காயம்தான் அரிஞ்சேன்."

சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அங்கிருந்த படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்யா. அடுத்த வருசமே இனெஸ்சு வந்தப்ப போட்டோ காட்டிட்டா. பக்கத்து கிளிஞ்சல் கட ஜெகதீசனுக்கு, டீக்கடையில, எல்லாருக்கும் காட்னா. குப்பத்துக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா பன்னெண்டு வருசமா ஒருத்தனும் ஒன்னும் சொல்லல?"

"நீ சொல்லச்சொல்ல நல்லா இருந்துச்சு. கேட்டுகினு இருந்தோம்."

"அப்ப எதுக்குடி ரெண்டு நாளா என்ன ஏறி எறங்க வெச்ச?"

"எது வரைக்கும் போறன்னு பாக்கதான்."

அவமானத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் முழங்கால் விடவில்லை. இரண்டு படி கீழே நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் சத்தம் கேட்டு எதிர் வீட்டிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தாள். எழுபது வயது இருக்கும். பெயர் லூர்தெஸ். "நம்ம கோவளத்து மாதாகோயிலாண்ட கீற பேருதான்" என்று சுஜாதா உடனே லூர்தம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு அந்த ஊரில் புனித அந்தோணியார் திருவிழா. தெரு முழுக்கக் கலர் காகிதத் தோரணம். ஜன்னலுக்கு ஜன்னல் சின்னத் தொட்டியில் ஒரு செடி. சுஜாதா முகர்ந்து பார்க்கக் குனிந்தாள். லூர்தம்மா பதறித் தடுத்து, செடியைக் கையால் தடவிக் கையைத்தான் முகர வேண்டும் என்று செய்து காட்டினாள். "திருநீத்துப்பச்சைக்கு இம்மாம் மரியாதையா" என்றாள் சுஜாதா.

வாசலில் கரி அடுப்பு வைத்து லூர்தம்மா மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். குடலைக்கூட எடுக்காமல், வெறும் கல்லுப்பு தூவி. சுஜாதா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு மீனின் செவுளைத் திறந்து பார்த்தாள். "நேத்து புடிச்சது" என்று ஒரு விரலைக் காட்டினாள். லூர்தம்மா மார்பில் கை வைத்து, இன்று காலையில் பிடித்தது என்று சத்தியம் செய்தாள். சுஜாதா நம்பவில்லை. இருவரும் ஆளுக்கொரு பாஷையில் பத்து நிமிடம் சண்டை போட்டார்கள். யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முடிந்தபோது சுஜாதாவின் கையில் இடுக்கி இருந்தது.

அவள் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலம் வெளியே வந்தது. ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி, குடலை எடுத்த ஆறு மீனில் தடவிச் சுட்டாள். லூர்தம்மா ஒரு வாய் தின்றாள், இருமினாள், கண் சிவந்தது, மூக்கைச் சிந்தினாள். அடுத்து இன்னொரு மீனை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தட்டோடு வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பதினோரு பேர். எனக்கு அட்டையால் அடுப்பை விசிறும் வேலை. அப்போது ஒரு சுற்றுலாக்காரர் போட்டோ எடுக்க வந்தார். நான் தலையைச் சீவி நின்றேன். அவர் மிகவும் மரியாதையாக என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

மிச்சம் இருந்த நாட்களில் சுஜாதா ஊரைச் சுற்றினாள். நான் அவள் பின்னால் போனேன். வழி எதுவும் தெரிந்த மாதிரி நடிக்க வேண்டியதில்லை என்றானதும் ஊர் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மேட்டின் மேல் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பாடியதை ஒரு மணி நேரம் நின்று கேட்டேன். முதல் தடவை வந்தபோது இதெல்லாம் என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, டீக்கடையில் எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். ஜெகதீசன், வலைக்காரர் நீலமேகம், இன்னும் நாலைந்து பேர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு விசயம் சொல்லணும். அந்தச் சுவத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்குது வுடு, அண்ணாத்த" என்றான் ஜெகதீசன். "தள்ளு, அண்ணி வருது."

சுஜாதாவுக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குப் போடவில்லை. அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். ஆறு, நத்தை, லூர்தம்மா, மத்தி மீன்.

"நான் மொளவாத்தூளு தடவி சுட்டேன் பாரு, அந்தத் தெருவே கூடிடுச்சு. முந்நூறு பேரு. தட்ட வெச்சிகினு வரிசைல நிக்கறானுங்க. மேயரே வந்துட்டாரு."

ஜெகதீசன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அப்டியா, அண்ணாத்த?"

சுஜாதா டீயை உறிஞ்சினாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"முந்நூறா?" என்றேன். "முந்நூத்தம்பதுக்குக் கொறையாது."