பன்னிரண்டு பெரிதா, மூன்று பெரிதா

காலை பத்தரைக்கு என் சக ஊழியை சுனிவாவின் கருவி மறுபடியும் சிவப்பு காட்டியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கணினி நிரல் ஓடும் முன்பே அதைப் படித்துப் பிழை சொல்லும் கருவி அது. இதுவரை ஒன்பது பொய் எச்சரிக்கை. "இன்னொரு தடவை பூச்சாண்டி காட்டினா தூக்கிடுவேன்" என்று எங்கள் தலைவர் ஐலர்ட் சொல்லிவிட்டார். அவளோ இரண்டு வருடம் அதற்காக உயிரைக் கொடுத்து உழைத்தவள்.

பன்னிரண்டு மணிக்கு மின்படகின் முதல் பயணம். மின்சாரம் அக்கரை வரை போதுமா என்று பார்த்துப் பச்சை விளக்குப் போடுவது எங்கள் நிரல். அதை எழுதியதும் மனிதரில்லை, என் நிரலாக்கி. விவரக் கோப்புகளைக் கொடுத்தால் அதுவே எழுதித் தள்ளும்.

"யோஸ்டைன், இங்க வா. இருக்கிற மின்சாரத்துல படகு பன்னெண்டு மில் தூரம் ஓடும். பாதை மூணு மில். இது ரெண்டையும் ஒப்பிடாதேங்குது" என்றாள்.

"பன்னெண்டு பெரிசா, மூணு பெரிசான்னு கூடவா உன் கருவிக்குத் தெரியல?"

"வேற வேற ஆளு எழுதின கோப்பு. ரெண்டும் ஒரே வகைன்னு எவன் சொன்னான்?"

"நான்தான் சொன்னேன்! எண்ணுன்னா எண்ணுதான்."

ஆடு, மாடு எல்லாவற்றையும் ஒரே பட்டியில் அடைத்து 'எண்' என்று பெயர் வைத்திருந்தது என் நிரலாக்கி. அவள் வாதாடவில்லை. படகு கட்டிய குட்வெய்க்குக்குப் போன் போட்டாள்.

"பன்னெண்டு மில்னு எழுதியிருக்கியே, எந்த மில்?"

"படகுக்கு வேற எந்த மில்? கடல் மில்தான்!"

என் கையிலிருந்த சீஸ் ரொட்டி கீழே விழுந்தது. பாதைக் கோப்பை எழுதியவன் நான். எங்கள் நாட்டுச் சாலையில் தினமும் கார் ஓட்டுகிறவனுக்கு மில் என்றால் பத்துக் கிலோமீட்டர். கடல் மில்லோ இரண்டுகூட இல்லை. பாதை முப்பது கிலோமீட்டர். படகு ஓடப்போவதோ இருபத்திரண்டுதான். நடுக்கடலில் நூற்றிருபது பேர்!

அப்போது ஐலர்ட் உள்ளே வந்தார். "சிவப்பா, பச்சையா?"

சுனிவா வாயைத் திறப்பதற்குள் நான் கத்தினேன். "சிவப்பு! நிஜச் சிவப்பு! படகை நிறுத்துங்க! தூக்கணும்னா என் நிரலாக்கியைத் தூக்குங்க, அவ கருவியைத் தொடாதீங்க!"

சிவப்பைப் பார்த்து நான் துள்ளிக் குதித்தது அன்றுதான். கடல்மில், சாலைமில் என்று இரண்டு தனி வகைகளை அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நிரல் மறுபடி எழுதப்பட்டது. பிழையில்லை என்று கருவி பச்சை காட்டியது. நிரலோ 'மின்சாரம் போதாது' என்றது. இரண்டையும் பார்த்து இருவரும் சந்தோஷக் கூச்சல் போட்டோம்.

இன்னும் மின்சாரம் ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்குப் படகு கிளம்பியது. அக்கரை சேர்ந்த செய்தி வந்ததும் சுனிவா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"இப்ப சொல்லு. பன்னெண்டு பெரிசா, மூணு பெரிசா?"

"மூணுதான், தாயே."